சக்களத்தி தேறிய நாள்

காலையில் எழுந்ததும் யாராக இருந்தாலும் கொஞ்சம் இருமத்தான் செய்வார்கள். வண்டியும் அப்படித்தான். அதை மட்டும் வைத்து நோயாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இத்தனை வருடமாக மருந்துக்கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மேடம்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் என்றால் அந்தக் கார்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன். அதனால் என் மனைவி அதைச் சக்களத்தி என்பாள், அதுவும் மூத்த சக்களத்தி. நான் ஷெட்டில் வேலையாக இருக்கும்போது மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். "மூத்தவளுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டியாச்சா? இளையவளுக்குப் பசிக்குது, வர்றீங்களா?"

நகைச்சுவை உணர்வு உள்ளவள். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறையில்தான் அவள் திரைச்சீலை தைப்பாள். ஓட்டல்கள், புதுவீடு கட்டியவர்கள் என்று எப்போதும் கைநிறைய வேலை இருக்கும். காரின் இருக்கைகளுக்கு உறை தைத்ததும் அவள்தான். சக்களத்திக்குப் பட்டுப்பாவாடை தைக்கிற முதல் பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். "நீ இரண்டாவதுதானே" என்றேன். சிரித்தாள்.

பிறகு அந்தப் புகைச் சட்டம் வந்தது. உங்களுக்குத் தெரியாததா. பழைய வண்டிகளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவது முறையும் தேறாவிட்டால் இரும்பு நசுக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஓடாமல் வீட்டில் சும்மா நிறுத்தி வைத்துக்கொள்கிறேன் என்றாலும் கேட்கமாட்டார்கள்.

பரிசோதனை நிலையத்தில் ஒருவர் இருக்கிறார். அவரை அங்கே எல்லோரும் 'மூக்கு' என்றுதான் சொல்கிறார்கள். கருவியைப் புகைக்குழாயில் சொருகுவதற்கு முன்பே முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவாராம். நேர்மையான மனிதர். முதல் தடவை போனபோது புகைக்குழாய் பக்கம் குனிந்தார், நிமிர்ந்தார்.

"சார், வண்டி கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கு. ஆனா தேறாது."

"மெஷின் சொல்லட்டுமே."

"சொல்லட்டும் சார்."

மெஷினும் அதையேதான் சொன்னது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டாவது தடவைக்கு முன்னால் கடையிலிருந்து ஸ்பிரிட் எடுத்துப்போய்ப் பெட்ரோலில் கலந்தேன். புகையில் விஷம் கொஞ்சம் குறையும். அன்றைக்கு மனைவியும் நூல் வாங்க வேண்டும் என்று கூட வந்தாள். அழைத்துப்போனது என் தவறு.

மூக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஆஸ்பத்திரி வாசனை வருது?" என்றார்.

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் இருக்கையில் இருந்தபடியே சொன்னாள். "நேத்து கடையிலேருந்து ஸ்பிரிட் கொண்டுவந்து ஊத்தினாருங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி தடவுற மாதிரி இருக்கும்போல."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மூக்கும் சிரித்துக்கொண்டேதான் 'தேறவில்லை' என்று முத்திரை குத்தினார். திரும்பும்போது அவள், "பொய் சொல்லணும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்கமாட்டேனே" என்றாள். பிறகு, "கோபமா?" என்றாள். நான் கோபப்படவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை, அவ்வளவுதான். அவளுக்குப் பொய் வராது. உடம்பு வாகு மாதிரி அது. அதற்கு என்ன செய்ய முடியும்?

இனி ஏமாற்று வேலை உதவாது, எஞ்சினைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன திருகாணி தீர்மானிக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பொறுமையான வேலை. வாசலில் நிறுத்திச் செய்யலாம் என்றால் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விடவில்லை. சுவர் மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, நாங்கல்லாம் மூச்சு விடணும்ல?" என்றார். நியாயமான கேள்வி. நான் வண்டியை ஷெட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறருக்குத் தொந்தரவு கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

உள்ளே புகை தங்கியது. எனக்குத் தலைவலி வந்தது. ஷெட்டின் மேல்தளத்தில் பழைய தண்ணீர்க்குழாய் போன ஓட்டை ஒன்று இருந்தது. மாடியில் இருந்து அவள் துணி அடைத்து வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டேன். புகை என்றால் மேலே போகத்தானே செய்யும். மேல் அறையில் இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன, போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மழைக்காலமாக இருந்ததால் அவள் ஜன்னல்களைத் திறப்பதில்லை. அது அவள் விருப்பம்.

நீங்கள் அந்த ரப்பர் குழாயைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், நான்தான் வாங்கினேன். புகைக்குழாயில் ஒரு முனை, ஓட்டையில் ஒரு முனை. அது மாட்டிய பிறகு ஷெட்டுக்குள் காற்று எவ்வளவு சுத்தமாகிவிட்டது தெரியுமா? எனக்கு அதற்குப் பிறகு தலைவலியே வரவில்லை.

அவளுக்கு வர ஆரம்பித்தது. "ஏங்க, தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. ஊசியில நூலைக் கோக்க முடியல" என்றாள். கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். குமட்டல் என்றாள், அதற்கும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைத் தொடவில்லை, அன்று அவளுக்கு எதுவும் இல்லை. திங்கள்கிழமை திரும்ப வந்தது. "டாக்டரைப் பாத்துடலாமா?" என்று கேட்டாள். "கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும். இந்தப் பரிசோதனை முடியட்டும்" என்றேன். அவள் என்னை நம்பினாள். ஊரே நம்புகிறது, மேடம். மருந்துச் சீட்டு இல்லாமல் வந்து, என்னைப் பார்த்து, "நீங்களே பாத்துக் குடுங்க" என்பவர்கள்தான் அதிகம்.

வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் போன தடவை வந்தபோது மாடிப்படியில் ஒரு எச்சரிக்கைக் கருவி மாட்டிவிட்டுப் போயிருந்தாள். புகைவாயு கசிந்தால் கத்துமாம். கத்தியது. அந்தச் சத்தத்தில் எஞ்சின் ஓசையைக் காதால் பிடிக்க முடியவில்லை. பேட்டரியை எடுத்துவிட்டேன். கத்தல் ஏன் நின்றது என்று மனைவி கேட்டபோது, கருவியில் கோளாறு என்றேன்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் ஷெட்டுக்கு இறங்கி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"மூணாவது தடவையும் தேறலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"தேறும்."

"தேறலைன்னா?"

நான் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒருத்தி போதாதா உங்களுக்கு?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். மழைச் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையிலிருந்தே எஞ்சினை ஓடவிட்டேன். சூடு இறங்காமல் அப்படியே நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் ஓட்டல் திரைச்சீலைகளை முடித்தாக வேண்டும் என்று மாடியில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. பிறகு தரையில் தட்டினாள். கத்தரிக்கோலாக இருக்கும். காபி வேண்டுமா என்று கேட்பதற்கும் அப்படித் தட்டுவது உண்டு. அப்போதுதான் எஞ்சின் ஒரு மாதிரி மூச்சுத் திணறலை விட்டுச் சீராக ஓட ஆரம்பித்திருந்தது. இத்தனை நாள் தேடிய இடம் அது. அந்த நேரத்தில் நிறுத்த யாருக்கு மனம் வரும்? இன்னொரு முறை தட்டினாள். அதற்குப் பிறகு தட்டவில்லை.

நான் போய்ப் பார்க்கவே இல்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. போனேன். குழாயைக் கழற்றிவிட்டு, கிளம்புவதற்கு முன் சட்டை மாற்ற மாடிக்குப் போனேன். துணிக் குவியலின் மேல் சாய்ந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. வெகுநாள் கழித்து அவ்வளவு ஆரோக்கியமான நிறத்தில் பார்த்தேன். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், புகை ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் சிவக்கும், படித்திருக்கிறேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இருந்தது.

ஜன்னலைத் திறந்திருக்கலாம் என்கிறீர்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அத்தனையும் ஊரார் துணி. நனைந்தால் அவளுக்குத்தான் கெட்ட பெயர். கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அவர்கள் வரும்வரை நிற்க வேண்டும், கேள்வி கேட்பார்கள், எஞ்சின் ஆறிவிடும். நேரம் தவறினாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு. தலைக்குக் கீழே ஒரு மடித்த துணியை வைத்தேன். கதவைச் சத்தம் போடாமல் சாத்திவிட்டு வந்தேன்.

மூக்கு இந்தத் தடவை நன்றாக முகர்ந்தார். கருவியைச் சொருகினார். முள் அசையவே இல்லை.

"என்ன சார் பண்ணீங்க? பச்சைக் குழந்தை மூச்சு மாதிரி இருக்கு," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "அம்மா வரலையா இன்னைக்கு?"

"தூங்குகிறாள்" என்றேன்.

ஏரிக்கரைச் சாலை வழியாகச் சுற்றித்தான் திரும்பினேன். மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான், அதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். கிளம்பும்போதே எனக்கும் அது தெரியும். செத்துப்போவாள் என்று தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். இதற்கு மேல் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியை ஸ்டேஷன் பின்பக்கம் வழக்குப் பொருள் வைக்கும் கொட்டகையில் பூட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அது நிற்க நிற்கக் கெட்டுப்போகும். யாரையாவது தினமும் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிடச் சொல்லுங்கள். ஆனால் வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் ஓடவிட வேண்டும், மேடம். மூடிய இடத்தில் ஆள் இருக்கும்போது அதை ஓடவிடுகிறவன் மனிதனே இல்லை.