சாக்பீஸில் ஒரு பாத்ரூம்

— பாப்பா, தள்ளி நில்லு. கக்கூஸ் கோப்பை மேல நிக்கிற.

— ஐயோ அண்ணா, வெறும் சாக்பீஸ் கோடு! அதுக்கா இந்தக் கத்து கத்துற?

— கோடுதான். நாளைக்குக் கடப்பாறை இறங்கப்போறதும் இதே கோட்டுலதான். பிளம்பர் வேலைக்கு வந்த நாள்லருந்து தரையில நிஜ அளவுக்கு வரைஞ்சு பாக்காம ஒரு பைப்பை வெட்டினதில்ல நான். பேப்பர்ல எல்லாம் அழகா இருக்கும். கட்டி முடிச்சு உள்ள போனா கதவு முட்டியைப் பேத்துரும்.

— சரி சரி, உன் பெருமையை அப்புறம் கேக்கிறேன். இந்த ஸ்டோர் ரூமுக்குள்ள எல்லாம் அடங்குமா?

— அடங்காம? உன் காலி பாட்டிலும் ஓடாத மிக்சியும் வெளிய போனதும் பாரு, உள்ள சைக்கிளே ஓட்டலாம். இங்க பாரு, இது வாஷ்பேசின். இது ஷவர். கோப்பை அந்த மூலையில. மூலைக்கு வெளியதான் சாக்கடை மெயின் லைன் இறங்குது. ரெண்டடி பைப்பு, ஒரு வளைவு, முடிஞ்சது சோலி.

— மூலையில வேண்டாம்ணா. சுவத்துக்கு நடுவுல வை.

— நடுவுலயா? என்ன, சிம்மாசனமா?

— பக்கத்துல இடம் வேணும்.

— எவ்வளவு?

— ஒரு நாற்காலி நிக்கிற அளவுக்கு.

— நாற்காலி போட்டு யாரை உக்கார வச்சுப் பேசப்போற? இங்க பாரு பாப்பா, கோப்பையை நாலடி தள்ளினா பைப்பும் நாலடி நீளும். அதுக்கு வாட்டம் குடுக்கணும், அடிக்குக் கால் இன்ச் சரிவு. குறைஞ்சா எல்லாம் தேங்கும். ரொம்பச் சரிச்சுட்டா தண்ணி மட்டும் ஓடிப்போயிரும், மத்தது அங்கயே உக்காந்துக்கும். தரையை இன்னும் ஆழமாத் தோண்டணும்.

— தோண்டு.

— மூலையில இருந்தா மெயின் லைன்ல இருக்கிற வென்ட் பைப்பே போதும். தள்ளி வச்சா இதுக்குன்னு தனியா ஒண்ணு ஏத்தணும்.

— அது எதுக்கு?

— ஒவ்வொரு பைப்பு வளைவுலயும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள வராம அதுதான் தடுக்குது. ஃப்ளஷ் பண்ணும்போது பின்னாலருந்து காத்து வர வழியில்லைனு வை, அந்தத் தண்ணியையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிரும். களக் களக்னு ஒரு சத்தம் கேக்கும், அப்புறம் வீட்டுல மனுஷன் இருக்க முடியாது. அதனால ஒரு கிளை பிரிச்சு, பின்சுவர் வழியாக் கூரைக்கு மேல கொண்டு போயிரணும். காத்து உள்ள வரும், நாத்தம் வெளிய போகும்.

— அதையும் போட்டுரு.

— எதைச் சொன்னாலும் தலையாட்டுற. ஒரு குழாய் மூடிக்குக் கூட என்கிட்ட அரை மணி நேரம் மல்லுக்கு நிக்கிறவ நீ. சரி, கதவு எப்படி?

— வெளிப்பக்கம் திறக்கணும். நல்லா அகலமா. வாசல்ல படி வேண்டாம். ஷவரைச் சுத்தித் தடுப்பும் வேண்டாம்.

— தடுப்பு இல்லைனா தண்ணி ரூம் பூரா ஓடும்.

— தரையைச் சரிச்சு விடு. இவ்வளவு நேரம் வாட்டம் வாட்டம்னு பாடம் எடுத்தியே.

— எடுத்தேன். பாப்பா, இது உன் மாமியாருக்குத்தானே? அவங்க இங்க தங்க வர்றாங்கன்னு போன்ல சொன்ன.

— ஆமா.

— போன மாசம் என் வீட்டுக்கு மூணு மாடி மூச்சு வாங்காம ஏறி வந்து, நான் குண்டாயிட்டேன்னு திட்டிட்டுப் போனவங்க அவங்க. அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?

— வயசாகுதுல்ல.

— எங்கயோ பாத்துச் சொல்லாத, என்னைப் பாத்துச் சொல்லு. காலையிலருந்து நீ மாடிப்படி பக்கமே போகல. அளவு டேப்பு மாடியில இருக்குன்னேன், நீயே போய் எடுத்துக்கோன்னுட்ட. இப்பக்கூடச் சுவத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற.

— அண்ணா, அந்தக் கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். சொல்லு.

— அத்தைக்கு இல்ல. எனக்குத்தான்.

— என்ன உளர்ற?

— நரம்புல வியாதி. ரெண்டு ஆஸ்பத்திரியில காமிச்சுட்டேன், ரெண்டு இடத்துலயும் ஒண்ணையேதான் சொன்னாங்க. காலுலதான் ஆரம்பிச்சிருக்கு. மெதுவாத்தான் போகுமாம். ஆனா வருஷக் கடைசிக்குள்ள வீல்சேர் வேண்டியிருக்கும்னு... அழாதண்ணா. ப்ளீஸ்.

— அழாம என்னடி பண்ணச் சொல்ற? தனியாவா போன ஆஸ்பத்திரிக்கு?

— தனியாத்தான்.

— மாப்ளை?

— அவருக்குத் தெரியாது. இந்த பாத்ரூம் முடியற வரைக்கும் தெரியவும் கூடாது.

— பைத்தியமா உனக்கு? கட்டின புருஷன்கிட்ட மறைக்கிற விஷயமா இது?

— உனக்கு அவரைத் தெரியாது. நான் ரெண்டு தும்மல் போட்டா அவருக்குச் சோறு இறங்காது. எங்க மாமனார் படுத்த படுக்கையா இருந்தப்போ வேலையை விட்டுட்டு, கடைசி வரைக்கும் இவர்தான் தூக்கிட்டுப் போனார், தூக்கிட்டு வந்தார். அந்த இடுப்பு வலி இன்னும் போகல. இப்பத்தான் பாட்டுப் பாடிக்கிட்டே ஷேவ் பண்றார். மறுபடியும் அவர் தலையில ஏறி நான் உக்காரணுமா?

— அவர் அப்படி நினைக்க மாட்டார்.

— நான் நினைக்கிறேன்ல! எனக்குப் பயமா இருக்குண்ணா. வியாதிக்குக் கூட இல்ல. கக்கூசுக்குப் போக அவரைக் கூப்பிடுற அந்த முதல் நாளை நினைச்சாத்தான் பயமா இருக்கு. வீடு தயாரா இருக்கட்டும். நானே போவேன், நானே வருவேன். இதோ பாருங்க, எல்லாம் இருக்குன்னு காமிச்சுட்டு அப்புறம் சொல்லிக்கிறேன்.

— உள்ள அடைச்சு வைக்காத பாப்பா. இப்பத்தானே சொன்னேன், காத்துக்கு வழி இல்லைனா...

— பைப்பைக் காட்டி எனக்குப் புத்தி சொன்னா அடி வாங்குவ. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— பண்ணித் தொலைக்கிறேன்.

— கேட் சத்தம் கேக்குது. அவர்தான். மூஞ்சியைத் துடை, சீக்கிரம்.

— என்ன மச்சான், கதவைச் சாத்திக்கிட்டு அண்ணனும் தங்கச்சியும் சொத்துப் பிரிக்கிறீங்களா?

— வாங்க மாப்ளே. ஷூவைக் கழட்டிட்டு வாங்க, கோடு அழிஞ்சிரும்.

— அடேங்கப்பா! கோட்டைப் பாத்தாலே உள்ள வரக் கூச்சமா இருக்கு. இது கோப்பையா? நட்ட நடுவுல இருக்கு?

— அத்தைக்குக் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னு நான்தாங்க சொன்னேன்.

— எங்கம்மாவுக்கா? பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா இடிச்சு உக்கார்ற ஆளு அவங்க! சரி சரி, இருக்கட்டும். மச்சான், அந்த ஸ்டூலை இப்படிக் குடுங்க. கோப்பை இருக்கிற இடத்துலயே உக்காந்து பாக்கிறேன்.

— என்னங்க இது, சின்னப் புள்ளை மாதிரி! ஆபீஸ் சட்டையோட போய் அங்க உக்காந்துக்கிட்டு!

— சும்மா இரும்மா. வீட்டுல எனக்குன்னு கிடைச்ச ஒரே பதவி இதுதான். மச்சான், லைட் சுவிட்ச் எங்க வருது?

— இந்தா, கதவுக்குப் பக்கத்துல, தோள் உயரத்துல.

— கீழ இறக்குங்க. உக்காந்துக்கிட்டே எட்டணும். கண்ணாடியையும் இறக்கிருங்க. வாஷ்பேசினுக்கு அடியில அலமாரி எதுவும் வேண்டாம், முட்டி உள்ள போகட்டும்.

— முட்டியா? அது... சரிங்க மாப்ளே.

— எதுக்குங்க எல்லாத்தையும் இறக்கச் சொல்றீங்க? அத்தை என்ன குழந்தையா?

— இருந்துட்டுப் போகட்டுமே. தரை வழுக்காதே மச்சான்?

— சொரசொரப்பு டைல்ஸ்தான் போடப்போறேன். அப்புறம் மாப்ளே, கோப்பைக்குப் பக்கத்துல, வலது கைப் பக்கமா, மடக்குற கைப்பிடி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். ஊனி எந்திரிக்கத் தோதா இருக்கும்.

— வலது பக்கமா?

— ஆமா. எல்லாரும் வலது கையைத்தானே ஊனுவாங்க.

— இடது பக்கம் வைங்க மச்சான். எங்கம்மாவைக் கேட்டுட்டேன், அவங்க இங்க வரப்போறதில்ல, இவளுக்குத்தான் கொஞ்ச நாளா வலது கையில டம்ளர் நிக்க மாட்டேங்குது.