நான்காவது சிட்டிங்

நான் சுத்தக்காரன், மேடம். ஷிப்ட் முடிந்து வந்தால் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்து, பின்பக்கமாகப் போய்க் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பேன். எங்கள் பிளாக்கில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பதினாறு வருஷமாகச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. ஆனாலும் என் குவார்ட்டர்ஸில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது.

பெயர் சைமன்ராஜ். மனைவி மேரிசெல்வி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. அதற்காக ஒரு நாளும் அவளை நான் ஒரு சொல் சொன்னதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செல்விக்கு இரண்டு கன்னத்திலும் பருத் தழும்பு. ஒன்றிரண்டு இல்லை, குழி குழியாக. பி.எட். முடித்தவள். பயிற்சிக்குப் போன இடத்தில் பிள்ளைகள் ஏதோ பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், அதோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மாதா கோயிலுக்குப் போனாலும் முக்காடு, கடைசி வரிசை. என்னைத் தவிர யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே எனக்கு அது பிடித்துப்போயிற்று. இவளை யாரும் கொத்திக்கொண்டு போய்விட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றி அப்படி நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லையே.

அவள் அண்ணன் இன்னாசிராஜ்தான் ஆரம்பித்து வைத்தார். பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரம்மா மெஷின் வைத்துத் தழும்பைச் சரி செய்கிறார் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதெல்லாம் எங்கே சரியாகப் போகிறது என்று நினைத்து, நானே லீவு போட்டுக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதலில் மரத்துப்போக மருந்து பூசி முக்கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள். பிறகு நுனியில் மெல்லிய ஊசிகள் உள்ள ஒரு கைப்பிடியை முகத்தில் வைத்து அழுத்துவார்கள். ஊசி தோலுக்குள் இறங்கி ரேடியோ அலையால் சூடு கொடுக்கும். அந்தக் காயம் ஆறும்போது தோல் இறுகிக் குழி மேடேறும். மாதம் ஒரு சிட்டிங், மொத்தம் நான்கு.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் ரொம்ப கவனமா இருக்கணும். தோல்ல துளைங்க தொறந்தே இருக்கும். நான் குடுக்குற ஆயின்ட்மென்ட் தவிர எதுவும் படக்கூடாது, முக்கியமா தூசி" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சுரங்கத்தில் வேலை என்று சொல்லியிருந்தேன்.

முதல் மூன்று சிட்டிங்கிற்கும் நான் பார்த்த பக்குவத்தை அவளே சொல்வாள். தலையணை உறை மாற்றினேன், ஜன்னலைச் சாத்தினேன், சமைத்தேன்.

நான் எதிர்பார்க்கவில்லை, குழிகள் ஆழம் குறைந்துவிட்டன. முழுசாகப் போகவில்லை, ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. முக்காடு போயிற்று. பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேச்சு. கோயிலில் பாட்டுக்குழு. ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. இருபது நிமிஷம் வெயிலில் நின்றேன், மேடம். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, பக்கத்துல வடக்குத்து ஊர்ல ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குப் பேசிட்டு வந்தேன். ஜூன்ல இருந்து வரச் சொல்ட்டாங்க."

"யார் கூட்டிகினு போனது?"

"நானேதாங்க போனேன்."

எனக்குப் பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

என் மணிக்கட்டைப் பாருங்கள். இந்தக் கருப்புக் கோடு பச்சை குத்தியது இல்லை. பெல்ட் ரோலர் கிழித்தபோது நிலக்கரித் தூசி உள்ளே போய்விட்டது. தோல் மூடிக்கொண்டது, தூசி தங்கிவிட்டது. எங்கள் ஆட்களில் சில பேருக்கு இப்படி எங்காவது ஒரு கோடு இருக்கும். என்ன தேய்த்தாலும் போகாது.

நான்காவது சிட்டிங்குக்கு முந்தின நாளே மதிய உணவு டப்பாவில் கொஞ்சம் நிலக்கரி எடுத்து வந்திருந்தேன். மிக்ஸியில் அரைக்கவில்லை, அது சாப்பாட்டுக்கு உள்ளது. தனியாக ஒரு கல்லில் பொடித்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தேன். திப்பி இருந்தால் அவளுக்கு உறுத்தும்.

சிட்டிங் முடிந்து வந்தபோது முகம் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. "எரியுதுங்க. நீங்களே போட்டு வுடுங்க" என்று கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். ஆயின்ட்மென்ட்டில் பொடியைக் கலந்து இரண்டு கன்னத்திலும் பூசினேன். அழுத்தவில்லை, பூப்போலத்தான் தடவினேன். அரை மணி கழித்து டாக்டரம்மா கொடுத்த தண்ணீரில் துடைத்துவிட்டு நல்ல ஆயின்ட்மென்ட்டைப் போட்டேன். "இப்போ இதமா இருக்குதுங்க" என்றாள். நெற்றியைத் தொடவே இல்லை. அங்கே அவளுக்குத் தழும்பு கிடையாது. இல்லாத இடத்தில் வைக்க நான் என்ன கொடுமைக்காரனா?

ஐந்தாம் நாள் சிவப்பும் பொருக்கும் உதிர்ந்ததும் தெரிந்தது. கன்னம் முழுக்க மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி கரும்புள்ளிகள், ஊசி இறங்கிய வரிசையிலேயே. கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அழுவாள், அணைத்துக்கொள்ளலாம் என்று பின்னால் போய் நின்றேன். அவள் அழவில்லை. என் கையைத் தூக்கி, இந்த மணிக்கட்டைத் தன் கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"இது எப்படிங்க உள்ள போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்து நிலக்கரித் தூசி என்று எழுதிக் கொடுத்ததும் நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். யாரும் தூண்டிவிடவில்லை. வெளியே போனால் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள், பழையபடி நொறுங்கிப் போவாள். அதற்கு முன்னாலேயே வீட்டோடு இருந்துவிட்டால் அவளுக்கு அந்த வேதனை இல்லை. அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். அவளை நோகடிக்க வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைத்ததில்லை.

இனி அவள் ஸ்கூலுக்குப் போக மாட்டாள் அல்லவா என்று சற்று முன் உங்களிடம் கேட்டேன். நீங்கள் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னீர்கள்: "நேத்து ஸ்கூல் தொறந்தாச்சு. போய்ச் சேந்துட்டாங்க. இதே முகத்தோடதான்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை, மேடம். நான் பூசியது போதவில்லை.