வயிற்றில் போட்ட தையல்

எல்லைப் போராட்ட ஊர்வலம் கடந்து போகட்டும் என்று பாறசாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், அண்ணியும் நாத்தனாரும்.

“ஒங்க வயித்தை இழுத்துத் தைச்சாச்சுல்லா, இனி பிள்ளை உண்டாகாது இல்லியா மைனி?” என்றாள் இளையவள்.

“யாரு சொன்னா? ஆறு பெத்துச் சரிஞ்ச வயித்தைத்தான் தைச்சாவ. கர்ப்பப்பை அப்படியே உண்டு.”

“பின்ன அண்ணன் ஏன் இப்பமும் தனியா படுக்காரு?”

“தொட்டா தையலு பிரிஞ்சிரும்னு அவருக்குப் பயமாக்கும்.”

“பிரியுமா?”

“ஆறி ஒரு வருசமாச்சு. இனி எங்க பிரிய?”

“அதை அண்ணன்ட்ட சொல்லலாம்லா?”

கோஷம் தூரத்தில் தேய்ந்து, பஸ் கிளம்பியது. மூத்தவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

“நீயும் சொல்லிராத மக்கா. இந்த ஒரு வருசமாட்டாக்கும் நான் நிம்மதியா உறங்குதேன்.”