நானாவின் பின் மட்காட்

வெள்ளை ஜுப்பாவில் செம்மண் பட்டால் உடனே தேய்க்கக் கூடாது. காய விட வேண்டும். காய்ந்த பிறகு உதறினால் பாதி போய்விடும், மீதியைச் சவர்க்காரம் பார்த்துக்கொள்ளும். பெருமைக்காகச் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் வெள்ளிக்கு வெள்ளி எனக்கு இதுதான் வேலை.

என் பெயர் நூருன்னிஸா. மாத்தளையிலிருந்து பலாபத்வலக்குப் போகும் பெரிய ரோட்டுக்கு மேலே, மேட்டில் எங்கள் வீடு. என் கணவர் அம்ஹர் இருந்த காலத்தில் முற்றத்திலேயே மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்தார். அவருக்குப் பச்சை வயருக்கும் பழுப்பு வயருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வயரிங் எல்லாம் என் கைக்கு வந்தது. மற்ற வேலையும் கூடவே ஒட்டிக்கொண்டது. அவர் மவுத்தானதும் கராஜை மூடினேன். ஸ்பேனர்களை விற்க மனம் வரவில்லை.

றஹீம் நானா என் கூடப்பிறந்த அண்ணன். டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். மதினி காலமான பிறகு என்னோடு வந்து இருந்துவிட்டார். பிள்ளைகள் கட்டாரில். அவருக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. சீனி போடாத பிளேன்டீ வேண்டும் என்று அவர் வாய் திறப்பதற்குள் கோப்பை மேசையில் இருக்கும். மீனுக்கு முள் எடுத்துத்தான் தட்டில் வைப்பேன். அப்படி இருந்த மனிதர் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, மறுபடி நிக்காஹ் செய்ய நினைப்பதாகச் சொன்னார். பெண் றுஸைனா. பலாபத்வலயில் நூலும் பொத்தானும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கும் விதவை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டில் போய்த்தான் இருப்பான். ஆக நானா போவார். நானும் இந்த வீடும் மிஞ்சுவோம். "நல்ல விசயம் நானா" என்று சொல்லி இன்னொரு அகப்பை சோறு வைத்தேன். எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் அது முழுக்க அவருக்காக வந்த எரிச்சல். அறுபதை நெருங்குகிற மனிதருக்குப் புது வீட்டில் யார் முள் எடுத்துக் கொடுப்பார்கள்?

மட்காட் பேச்சை நான் ஆரம்பிக்கவில்லை. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நானாவே ஒரு நாள் டவுனிலிருந்து வந்து, பைக்கின் பின் டயரை மூடியிருக்கும் மட்காட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நூரு, இப்ப பொடியன்மார்ட பைக்கெல்லாம் பின்னால கட்டையா இருக்குதே. நம்மட மட்டும் வாத்து வால் மாதிரி தொங்குது. இதை வெட்டலாமா?"

"வெட்டலாம் நானா. லைட்டையும் மாத்திருவோம். பார்க்க இளசா இருக்கும்."

இளசு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் வீட்டுக்கு ஏறும் ஒழுங்கை முழுவதும் செம்மண். அது மழைக்காலம். பின் மட்காட் எதற்காக இருக்கிறது என்று நானாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். சீட்டைக் கழற்றி, டெயில் லைட் வயர்களைப் பிரித்து, மட்காட்டை அடியோடு எடுத்தேன். நம்பர் பிளேட்டைச் சீட்டுக்குக் கீழேயே இறுக்கமாகக் கொண்டுவந்தேன். பெரிய சிக்னல் லைட்டுகள் போய், விரல் அளவு எல்இடி வந்தது. எல்இடி போட்டால் சிக்னல் பதற்றப்பட்டுத் துடிக்கும், ஆகவே அதை மினுக்கும் பிளாஷரையும் மாற்றினேன். கடைசியில் நம்பர் பிளேட்டுக்கு மேலே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு லைட் பட்டி ஒட்டினேன். பிரேக் லைட் முன்பைவிட நன்றாக எரிந்தது. நானாவின் உயிர் விஷயத்தில் நான் விளையாடுகிறவள் இல்லை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அதோடு நிற்க மாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் அவர் தொழும் பள்ளிக்கே வந்து, அவருக்குப் பின்வரிசையில் நின்று பார்ப்பார்கள். மனிதர் நேரத்துக்கு வருகிறாரா, பணிவாகத் தொழுகிறாரா என்று பார்க்கத்தான். றுஸைனாவின் தம்பி இப்ஹாம் எந்த வெள்ளிக்கு வருவான் என்பது எனக்கு முன்னமே தெரியும். அவனே போனில் மரியாதையாகச் சொல்லியிருந்தான்.

அந்த வெள்ளி காலையில் மழை பெய்தது. நான் பெய்ய வைக்கவில்லை. நானாவின் ஜுப்பாவுக்கு நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி வெளுத்துக் கொடுத்தேன். அத்தர் பூசி விட்டேன். அவர் பைக்கில் ஏறி ஒழுங்கையில் இறங்க இறங்க, பின் டயர் தன் வேலையைத் தொடங்கியது. இடுப்பிலிருந்து கழுத்து வரை நேராக ஒரு செந்நிறக் கோடு ஏறியதை வாசலில் நின்று பார்த்தேன். மனிதனுக்குத் தன் முதுகு தெரியாது. அது ஒரு வசதி.

வீட்டுக்கு வந்து ஜுப்பாவைக் கழற்றிய நானா, லொறி ஏதோ சேறு அடித்துவிட்டது என்றார். அன்று பின்னேரம் இப்ஹாம் போன் பண்ணினான்.

"ராத்தா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்கதானே?"

"கேளுங்க தம்பி."

"நானா பள்ளிக்கு வர்றப்ப எங்கயாச்சும் விழுந்துட்டாரா?"

"இல்லயே. ஏன்?"

"முதுகு பூரா... சேறா சாணமான்னு தெரியல்ல. எங்க பெரியவங்க ரெண்டு பேர் தொழுது முடிஞ்சதுல இருந்து அதத்தான் பேசிட்டு இருக்காங்க. சாணம்னா தொழுகை கூடாதுன்னு ஒருத்தர். ரோட்டுச் சேறுக்கு மன்னிப்பு இருக்குன்னு மத்தவர்."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே வசனம், மட்காட் இல்லை என்று. நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

"வயசு போகுதுதானே தம்பி. முந்தி மாதிரி கவனம் இல்ல. நான் ஒருத்தி பார்த்துக்கிட்டு இருக்கிறேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யாருக்குத்தான் வயது போகவில்லை?

சில நாளில் பெண் வீட்டிலிருந்து செய்தி வந்தது. துஆ கேட்டுப் பார்த்தார்களாம், மனதுக்குச் சரியாகப் படவில்லையாம். நானா அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"என்னில என்ன குற நூரு?"

"ஒரு குறையும் இல்ல நானா. அவங்களுக்குக் குடுத்து வைக்கல்ல."

இனிப்பாக வட்டிலாப்பம் செய்து கொடுத்தேன். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம் நானாதான். வீட்டில் பொத்தான்கள் பெருகத் தொடங்கின. மேசை லாச்சியில் சட்டைப் பொத்தான், அலுமாரியில் அபாயாப் பொத்தான், பூச்சாடிக்குள் நூல்கட்டை. ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாத மனிதர் அவர். கேட்டால் "மலிவா கிடைச்சிச்சு" என்பார். மாலையில் மஃரிப் தொழுததும், மிளகு பார்க்கப் போகிறேன் என்று உக்குவெல பக்கத்தைக் கை காட்டிவிட்டுக் கிளம்புவார்.

நான் கிணற்றடியில் நிற்பேன். அங்கிருந்து பெரிய ரோடு பலாபத்வல வரைக்கும் தெரியும். எத்தனை பைக் போனாலும் கத்தரிப்பூ நிற லைட் ஒன்றுதான். அந்த லைட்டை அழகுக்காகப் போட்டேன் என்று நானா நினைத்திருந்தார். உக்குவெலக்கு நேர் எதிர்த்திசையில் அது ஆடி அசைந்து போய், றுஸைனாவின் கடை இருக்கும் ஒழுங்கையில் திரும்பும். திரும்பும்போது ஒழுங்காகச் சிக்னலும் போடும். நான் வயர் பண்ணிய சிக்னல்.

கூடப்பிறந்தவர் என்னிடம் பொய் சொன்னது எனக்கு மிகவும் வலித்தது. ஒரு குடும்பத்தில் ஒளிவு மறைவு வந்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்?

ஆகவே நான் பொலிஸுக்குப் போன் பண்ணினேன். நல்ல சிங்களத்தில், பொறுப்புள்ள ஒரு குடிமகளாகப் பேசினேன். இன்ன நேரத்தில் இன்ன சந்தியில் ஒரு பைக் வரும், மட்காட் இல்லை, சட்டத்தில் இல்லாத நிறத்தில் லைட், நம்பர் பிளேட் சரியான சரிவில் இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இவ்வளவு நுணுக்கமாக யாரும் முறைப்பாடு தருவதில்லை என்று அந்தத் தம்பி நன்றி சொன்னான்.

நானா அன்று பஸ்ஸில் வந்து, ஒழுங்கையை நடந்தே ஏறினார். பைக் பொலிஸில். கோர்ட்டில் தண்டப்பணம் கட்டி, பழையபடி மாற்றித் தருவதாகக் கையெழுத்தும் போட வேண்டும். சந்தியில் ஊர் பார்க்க நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

"யார் செஞ்சு தந்ததுன்னு கேட்டாங்க நூரு. நானே செஞ்சேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் நானா?"

"நீ ஆசையா செஞ்சு தந்தது. உன் பேர எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. தங்கச்சிக்கு நம் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து அவரும் அழுதார். அதன் பிறகு மாலையில் அவர் எங்கேயும் போகவில்லை. முன்வாசலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டைக் கிள்ளினார். முள் எடுத்த மீன் தட்டிலேயே கிடந்தது. நான் நினைத்தபடி அவர் வீட்டில் இருந்தார். ஆனால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரியே இல்லை.

அப்படியிருக்கும்போது ஒரு பகல், நானா கடைக்குப் போன நேரம் பார்த்து றுஸைனா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் பழைய பேப்பர் சுற்றிய நீளமான சாமான். பிரித்தால் புது மட்காட்.

"டவுன்ல வாங்கினேன் ராத்தா. நானாட பைக்குக்குச் சரியாத்தான் இருக்கும். நீங்களே பூட்டிக் குடுங்க."

"நீங்க ஏன் இதுக்கெல்லாம்..."

"எங்க ஒழுங்கையும் செம்மண்தான். அது சேறுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். முதுகுல ஏன் அடிச்சதுன்னு பைக்கப் பார்த்ததும் விளங்கிச்சு." நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தாள். "பைக் வேல தெரிஞ்ச உங்களுக்கு அது விளங்காம இருந்திருக்காது."

நான் மட்காட்டை மறுபடி பேப்பரில் சுற்றினேன்.

"நானா இன்னும் லொறி அடிச்ச சேறுன்னுதான் நம்பிட்டு இருக்கார். நான் சொல்லப் போறதும் இல்ல. வீட்ல மட்டும் அது சேறுதான்னு விளக்கிட்டேன். நேத்துப் பகல் அவரே வந்து இப்ஹாமோட பேசிட்டார். அடுத்த மாசம் நிக்காஹ். நீங்களும் எங்களோட வந்து இருங்களேன் ராத்தா."

வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது என்றேன். உண்மையில் அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இவ்வளவு தெரிந்துகொண்டு ஒருத்தி இவ்வளவு மெதுவாகப் பேசக் கூடாது.

பைக் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். கத்தரிப்பூ லைட்டைப் பிய்த்து எறிந்தேன். மட்காட்டைப் பூட்டினேன். நிக்காஹ் சிறப்பாக நடந்தது. நானா தன் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு பலாபத்வலக்குப் போனார். அன்று மாலை பழக்கத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிவிட்டு, இரண்டையும் நானே குடித்தேன்.

இனி, மிச்சமிருக்கிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மட்காட்டைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்றை மட்டும் நான் விரலால் திருகியதோடு விட்டுவிட்டேன். கழன்று விழாது. ஆபத்து ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் ஓடினால் கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான். நானா வேறு எவன் கையிலும் பைக்கைக் கொடுக்க மாட்டார். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து, றுஸைனாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நூரு, பின்னால என்னமோ தட்டுது பாரேன்."

இருவருக்கும் சோறு போட்டேன். மீனுக்கு முள் எடுத்தேன். பிறகு ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை அரைச் சுற்று மட்டும் திருப்பினேன். ஒரேயடியாக இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும், வாரா வாரம் கொண்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும் என்று விளக்கினேன். நானா தலையாட்டினார். றுஸைனா நட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுத்த வெள்ளிக்கு என்ன கறி கொண்டுவரட்டும் என்று கேட்டாள். பாவம், அவளுக்குப் பைக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது.