பெட்டி நல்லாத்தான் இருக்கு அத்தான்

பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதக் கூடாது. ஊதினால் தூசி போகாது, எச்சில்தான் உள்ளே போகும். இரண்டு விரல் அகலத்தில் ஒரு பெயிண்ட் பிரஷ் வாங்கி, தூங்குகிற குழந்தையின் முடியைக் கோதுகிற மாதிரி மெல்லத் தள்ள வேண்டும். டெலிபோன் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட ஞானத்தில் பாதி இதுதான். மீதியைப் போகப் போகச் சொல்கிறேன்.

உட்காரம்மா. காது டாக்டர் கொடுத்த அந்தச் சீட்டு மேசையிலேயே இருக்கட்டும். உன் அப்பாவுக்கு இரண்டு காதும் வயதை மீறி நன்றாக இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கிறது. எனக்கு அது தெரியும். "அப்படின்னா இந்த ரெண்டு வருஷமா என்ன மாமா நடந்துச்சு?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் அழாதே, எனக்கு வரிசை தப்பிவிடும்.

உன் அப்பா என் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கு அத்தான். அன்றைக்கே மடியில் அந்த ஸ்டீல் கித்தாரோடுதான் வந்தார். மற்ற கித்தாரில் விரல் வைக்க இடம் குறித்திருக்கும். இதில் அது கிடையாது. மடியில் படுக்கப் போட்டு, கம்பி மேல் ஒரு இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப்போனால் சுருதி போச்சு. காது ஒன்றுதான் வழி. அதனால் அவர் வாசித்த மெல்லிசைக் குழுவில் அவருக்கு 'வழுக்கல் மாஸ்டர்' என்று பேர். எனக்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. பெட்டி தூக்கி வருகிறவனுக்கு யார் பேர் வைக்கிறார்கள்?

அந்தப் பெட்டி அவரைவிட இரண்டு வயது மூத்தது. பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர். எருமைக்கன்று கனம் இருக்கும். மாடிப்படியில் அதை ஏற்றி இறக்கியதில் நான் இரண்டு அங்குலம் குள்ளமாகிப் போனேன், அளந்து பார்த்திருக்கிறேன். நான் ரிட்டயர் ஆன வருஷம் அதன் குரல், சளி பிடித்த தலைமைக் குமாஸ்தா விடுமுறை மறுக்கிற குரல் மாதிரி ஆகியிருந்தது. அத்தான் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மச்சான், இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லேன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ பாரு. நீ இல்லேன்னா இல்லதான்."

எட்டு மாதம் பார்த்தேன். காய்ந்துபோன கண்டன்சர்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். இருமுகிற வால்வுகளை மாற்றினேன். ஸ்பீக்கர் காகிதம் கிழிந்த இடத்தில், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளை ஒட்டினேன். ஒட்டும்போது மூச்சு விடவில்லை, மொத்தம் மூன்று நாள். கித்தாரை அதில் செருகி முதல் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தது. சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த கச்சேரியில் ஜனம் உருகிப் போனது. குழுத் தலைவர், தாடி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், மேடையிலேயே உன் அப்பாவின் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கையை இன்ஷூர் பண்ணணும்" என்றார். நான் மேடைக்குப் பக்கவாட்டில், வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் அத்தை சொன்னாள். நாற்பது வருஷமாக நான் என்ன ரிப்பேர் செய்தாலும் "மேசையைத் துடைச்சு வைங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதவள்.

"அண்ணா கையில ஏதோ இருக்குங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"பெட்டி எப்படி இருந்துச்சு?"

"எந்தப் பெட்டி?"

அவ்வளவுதான் பேச்சு. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சந்தேகம் வந்தது. டெலிபோன் ஆபீசில் சந்தேகம் வந்தால் ஒரு வயரைக் கழற்றிப் பார்ப்போம். கையா, பெட்டியா என்று சோதித்துப் பார்ப்பதில் என்ன தப்பு?

மாதத்தின் முதல் ஞாயிறு பெட்டி சர்வீஸுக்கு என்னிடம் வரும். அந்த ஞாயிறு, அவரைக்காய் விதை அளவு ஒரு கண்டன்சரைக் கூடுதலாகப் பற்றவைத்தேன். மேல் சுரங்களின் மினுமினுப்பை மட்டும் கொஞ்சமாகக் குடித்துவிடும். வாயை மெல்லிய துணியால் மூடினால் குரல் எப்படி இருக்கும், அப்படி. யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. ஒவ்வொன்றும் ரொம்பச் சின்னதம்மா. ஒரே நாளில் செய்திருந்தால் அவர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார். அவர் காது அப்படி.

நாலாவது மாதம் கேட்டார்.

"மச்சான், மேல இருக்கிற சத்தம் கொஞ்சம் மங்கலாத் தெரியுது. பெட்டியா, என் காதா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு அத்தான்."

இதைக் குறித்துக்கொள். அவர் காதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெட்டியைப் பற்றித்தான் சொன்னேன்.

வேடிக்கை என்னவென்றால், முன்பு பெட்டி பாடியதற்குக் கையைப் பாராட்டிய அதே ஜனம், இப்போது பெட்டி மங்கியதற்கும் கையைத்தான் சொன்னது. "முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். அவர் சத்தக் குமிழைக் கடைசி வரை திருகி வைத்தார். தாடி காதைப் பொத்திக்கொண்டு, "மாஸ்டருக்குக் காது போயிடுச்சு போல, ஊருக்கே கேக்குற மாதிரி வைக்கிறாரு" என்று மைக் அணைந்திருக்கிறதா என்று பார்க்காமலே சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. அத்தானுக்கும் கேட்டது. காது கேட்காது என்று சொன்னது காதில் விழுந்து ஒரு மனுஷன் அதை நம்பினார் என்றால், அதில் என் பங்கு எவ்வளவு என்று நீயே கணித்துக்கொள்.

ஏழாவது மாதம், ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பாட்டின் நடுவில் இரும்புத் துண்டு எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே நிற்காமல் தடுமாறியது. மறுபடி தேடினார். தேடுவது மேடைக்குக் கீழே தெரிந்தது. பிறகு இரும்புத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டு முடிகிற வரை இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உன் அத்தை என் பக்கம் திரும்பி, "பாவம் அண்ணா, வயசாயிடுச்சு" என்றாள். அன்றைக்கு வீட்டில் எனக்கு இரண்டாவது தடவை சாதம் கேட்காமலே போட்டாள்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். போன் மணி அடித்தால் உன் அம்மாவிடம் நீட்டிவிடுவார். பேரன் கதை சொல்ல வந்தால் அவன் வாயைத் திறக்கும் முன்பே, "தாத்தாவுக்குக் கேக்காதுடா" என்பார். விசேஷ வீட்டில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரிப்பார். இப்போது நீ வம்படியாக இழுத்துப்போகும் வரை, டாக்டரிடம் கூப்பிட்டபோதெல்லாம் என்ன சொன்னார்? "மச்சானுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப் போகுது." உன் அம்மா என்னிடம் வந்து, "அவரு உன்னைத்தாண்டா நம்புறாரு, நீ சொல்லி டாக்டர்கிட்ட அனுப்பேன்" என்றாள். சொல்கிறேன் அக்கா என்றேன். சந்தர்ப்பம் அமையவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா முடிந்து பெட்டி என்னிடமே தங்கிவிட்டது. மறுநாளே ஏழு கண்டன்சரையும் எடுத்துவிட்டேன். ஆமாம், ஏழையும். நல்ல பெட்டியை அந்த நிலையில் வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து உன் அப்பா கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதையும் நீயே வச்சுக்க மச்சான். ஒரு தடவை வாசிச்சிட்டுத் தரேன்."

நீ இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான். பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சூடேறின. இரும்புத் துண்டை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். நான் ஆயிரம் பெட்டி பார்த்திருக்கிறேன், லட்சம் என்றும் சொல்லலாம், அப்படி ஒரு நாதத்தைக் கேட்டதில்லை. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். உன் அப்பா முகத்தை அப்படி நீகூடப் பார்த்திருக்க மாட்டாய். பரீட்சையில் பாஸ் என்று தெரிந்த பிள்ளை மாதிரி இருந்தது.

"மச்சான். கேக்குதே. எல்லாம் கேக்குதே. பெட்டியில ஏதாவது பண்ணியா?"

யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"பெட்டியைத் தொடவே இல்ல அத்தான். எனக்கு அதே மங்கலாத்தான் கேக்குது. உங்களுக்குப் பழைய ஞாபகம் கேக்குது போல. காது போனவங்களுக்கு அப்படி வருமாம்."

அவர் தலையாட்டினார். தோளில் கிடந்த துண்டால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் காதைப் பற்றி நான் பேசியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது பெட்டியை எடுத்துப் போகிறேன் என்கிறாய். அப்பா மடியில் மறுபடி கித்தாரை வைக்கப் போகிறேன் என்கிறாய். எடுத்துப் போ, நான் தடுக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் மட்டும் கொடு. இந்த ஒன்றரை வருஷமாக தினமும் காலையில் நானே கித்தாரை மடியில் போட்டு, அவர் இழுத்த அதே கம்பியை, அதே இடத்தில் இழுத்துப் பார்க்கிறேன். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி வருகிறது. ஏழையும் எடுத்தாயிற்று, வால்வு புதிது, ஸ்பீக்கரில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. எங்கேயோ ஒரு வயர் லூசாக இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவேன்.