சீழ் வைக்காத புண்

பெற்றவர்கள் சீழைக் கண்டால் பயப்படுவார்கள். எனக்கு அதைக் கண்டால் நிம்மதி. சிரங்கோ கட்டியோ மஞ்சளாகப் பழுத்து வந்தால் உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். இத்தனை ஆண்டுகள் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்ததில், இதை எந்த அம்மாவிடமும் சொல்லி நம்பவைக்க முடிந்ததில்லை. அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன்.

உழவர்கரையில் என் நர்சிங் ஹோமை உங்கள் ஆட்கள் நேற்று சோதனை போட்டார்கள், இன்ஸ்பெக்டர். அதில் எனக்கு வருத்தமில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கீறல் விழுந்தால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அதைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள்.

எண்பத்தாறு தை மாதம் கமலவேணி தன் பெண்குழந்தையைத் தூக்கிவந்தாள். அவள் கணவன் கலியமூர்த்தி, அத்தை மகன்தான். பஞ்சாலையில் இருந்தவன், அது மூடியபின் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழவில்லை. அது விழுந்தால்தான் அவர்கள் வீட்டில் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பார்கள். மாமியார் தினமும் குத்திக்காட்டுகிறாள் என்று அழுதாள்.

ரத்தத்தைச் சோதித்தேன். வெள்ளை அணுக்கள் இருக்கவேண்டியதைப்போலப் பல மடங்கு இருந்தன. ஆனால் கொடியைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்தில் ஒரு துளி சீழ் இல்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிச் சில ஆண்டுகளாக வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். வெள்ளை அணுவின் மேற்புறத்தில் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. புண்பட்ட இடத்திலிருந்து வரும் ரசாயனச் சேதியைச் சில வாங்கிக்கொள்ளும். வேறு சில, சேதி கிடைத்ததும் ரத்தக் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றி நின்ற அணு சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியே வந்து கிருமியைத் தின்னும். அந்த இடம் வீங்குவதும் பழுப்பதும் அதனால்தான். செத்த அணுக்களின் குவியல்தான் சீழ். இந்தக் குழந்தையின் அணுக்களில் பற்றிக்கொள்ளும் புரதம் இல்லை. சேதி வரும், நிற்க முடியாது. ரத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

கலியமூர்த்தியிடம் இதைப் பொதுவாகச் சொன்னேன். கெட்டிக்காரன். "பஸ்ஸு நெறய ஆளு இருக்குது, ஸ்டாப்புல நிக்காம போயிக்கினே இருக்குது. அப்பிடித்தான சார்?" என்றான். ஆமாம் என்றேன். "அத்தினி பேர்ல ஒருத்தனாவது குதிச்சிட மாட்டானா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிள்ளை இதனால் சாகலாமா என்று அவன் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை.

முதலில் முறையாகத்தான் நடந்துகொண்டேன். கொடியைக் கட்டி வெட்டினேன். தினமும் ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுக்கச் சொன்னேன். பிள்ளை தேறியது. தொட்டிலில் போட்டு, சின்னப்பாப்பா என்று கொள்ளுப்பாட்டியின் பெயரை வைத்தார்கள். எனக்குப் பாயசம் வந்தது. அவர்களிடம் நான் காசு வாங்கியதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அதன்பின்தான். மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவரை சின்னப்பாப்பா எல்லாக் குழந்தைகளையும் போலவே இருந்தாள். நோய் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒன்றுமே இல்லை.

என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அதனால் எனக்குப் பாரிசில் படிக்க வாய்த்தது. என்னோடு படித்த ஒருவர் அங்கே இதே நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலும்பு மஜ்ஜையை மாற்றி ஓரிரு பிள்ளைகளைப் பிழைக்கவைத்ததாகவும் சொன்னார்கள். அவரிடம் சொல்லியிருந்தால் குழந்தையை வரவழைத்துக்கொண்டு தன் கட்டுரையில் என் பெயரை அடிக்குறிப்பில் போட்டிருப்பார். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் அடிக்குறிப்புகூட மிஞ்சியிருக்காது. இந்த விஷயத்தில் யாரையும் நம்புவதற்கில்லை.

ஆகவே மருந்தை மாற்றினேன். பாட்டில் அதேதான். உள்ளே வைட்டமின் சிரப், நிறமும் ஏறக்குறைய ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை அவள் முன்கையில் மேல்தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகடு ஒன்றை வைத்துக் கட்டுவேன். எண்ணிப் பார்க்கக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொள்வேன். யார் உடம்பாக இருந்தாலும் சில மணி நேரத்தில் வெள்ளை அணுக்கள் வந்து கண்ணாடியில் ஒட்டும். அவளுடையது வெறுமையாகவே இருந்தது. என் கையிலும் அப்படிச் சுரண்டிக்கொண்டேன். இதோ தழும்பு.

கமலவேணி அந்தப் புண்களைத் தெருவெல்லாம் காட்டினாள். "பாருங்க அத்த, ஒரு பொட்டு சீழு வைக்கல. எம்புள்ள ரத்தம் அவ்ளோ சுத்தம்" என்று மாமியார் வாயை அடைத்தாளாம். கலியமூர்த்தி இதைப் பெருமையாக வந்து சொன்னான். நான் திருத்தவில்லை.

ஐப்பசி மழையில் குழந்தையின் தொடையிடுக்கில் புண் வந்தது. ஓரம் கறுத்துப் பரவியது. காய்ச்சல் விடவில்லை. இந்தக் கட்டத்தைத் தொடக்கத்திலிருந்து யாரும் படமெடுத்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கமலவேணிக்குச் சந்தேகம் வந்தது. என் நர்ஸ் அஞ்சலாட்சியை ஓரங்கட்டி ஏதேதோ விசாரித்தாள். அன்றிலிருந்து அஞ்சலாட்சியும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒருநாள் கமலவேணி கணவனையும் இழுத்துக்கொண்டு பாட்டிலோடு என் அறைக்கே வந்துவிட்டாள்.

"மின்ன குடுத்தது கசக்கும் சார், துப்புவா. இத நக்கிக் குடிக்கறா. இது என்னா மருந்து?"

புது மருந்து என்றேன்.

"எடுக்கற ரத்தத்த என்னா பண்றீங்க?"

கலியமூர்த்தி அதட்டினான். "வாய மூடுடி. சார் காசு வாங்காம பாக்கறாரு."

"அதான் மாமா கேக்கறன். காசு வாங்காம எவன் பாப்பான்?"

மறுநாள் கோரிமேட்டுக்குப் பஸ் ஏறக் கிளம்பினார்கள். நான் தடுக்கவில்லை. கலியமூர்த்தியை மட்டும் தனியே அழைத்து, "தாராளமா போ. அங்க புண்ணக் கீறுவாங்க. கீறினா சீழ் வச்சிடும். பரவால்லயா?" என்று கேட்டேன்.

அவன் மகளின் தொடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மனைவியின் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தான். அவள் கத்தினாள். அவன் அசையவில்லை. சீழ் வைக்கும் சக்தி அந்த உடம்புக்கு இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். அதை அவனிடம் விளக்க அது நேரமில்லை.

அந்த வாரமே சின்னப்பாப்பா இறந்துபோனாள். படங்கள் தெளிவாக வந்திருக்கின்றன.

கமலவேணி பாட்டிலை உங்களிடம் ஒப்படைத்து, நான் ரத்தம் எடுத்து விற்றதாக எழுதிக்கொடுத்திருக்கிறாள். அதை அடித்துவிடுங்கள். ஒரு துளி விற்றவனில்லை. என் தொழிலில் இந்த மாதிரி அவதூறு ஒரு மனிதனை முடித்துவிடும். நடந்ததை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தியவன் நான். நிறுத்தினால் பிள்ளை பிழைக்காது என்று தெரிந்து நிறுத்தினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்ததும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று. கமலவேணி மறுபடி முழுகாமல் இருப்பதாக அஞ்சலாட்சி சொன்னாள். சொந்தத்தில் கட்டியவர்கள். வரப்போகும் பிள்ளைக்கும் இதே குறை இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிறந்த கையோடு அதைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு என்னிடம் வரச்சொல்லி நீங்கள்தான் அவளிடம் எடுத்துச் சொல்லவேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை மருந்தைக்கூட நான் தவறவிட மாட்டேன். அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.