எங்கள் கதவுக்கு ஏற்ற கம்பி

புல்-அப்ஸ் கம்பி வாங்கும்போது கம்பியைப் பார்க்கக் கூடாது ஐயா, கதவைப் பார்க்க வேண்டும். பலபேர் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். நான் கடைக்குப் போகும் முன்பே வீட்டிலிருந்த நாலு கதவு நிலைகளையும் தையல் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தவள். அளக்காமல் எதையும் வாங்க எனக்கு வராது.

இவ்வளவு விவரமாகச் சொல்வது என் மகளுக்காக. முந்தின நாள் சாயங்காலம் அவள் ஆடித் தொங்கியதில்தான் கம்பி தளர்ந்தது, அதனால்தான் அப்பா விழுந்து இறந்தார் என்று இந்த போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது தப்பு. அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லத்தான் வந்தேன்.

என் மாமியார் எட்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நல்ல மனுஷி, கனமான மனுஷியும்கூட. நான் வேலையை விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகெல்லாம் புண்ணாகிவிடும். என் கணவருக்கு முதுகு வலி. "தூக்குனா டிஸ்க் நழுவிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, நான் என்ன பண்றது?" என்பார். கதவோரம் நின்று "பார்த்து, பார்த்து" என்று சொல்வார். அதில் அவர் குறை வைத்ததே இல்லை. தனியாகத் தூக்கித் தூக்கி என் இடது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் எழும்பாது.

மாமியார் போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் என் கணவர் கண்ணாடி முன் நின்று வயிற்றைத் தட்டிக்கொண்டே, "வீட்டுக்கு ஒரு புல்-அப்ஸ் பார் வாங்கணும். நீயே பார்த்து வாங்கிட்டு வா. உனக்குத்தான் அளவெல்லாம் தெரியும்" என்றார்.

"முதுகு வலி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சே."

"எப்போ?"

யோசித்துத்தான் சொன்னார். "அஞ்சு வருஷம் இருக்கும். ஆறுகூட இருக்கலாம். ஏன், உன்கிட்ட சொல்லலையா நான்?"

அவர் மறைக்கவில்லை ஐயா. மறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

சுவரில் போல்ட் போட்டு மாட்டுவது ஒரு வகை. நிலையின் மேல் விளிம்பில் கொக்கி போல மாட்டுவது இன்னொன்று. மூன்றாவது திருகு கம்பி. நிலைக்கு நடுவில் வைத்துத் திருகினால் நீண்டு இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கும்.

கடைக்காரர் நல்ல மனிதர். "அக்கா, போல்ட் போட்டதுன்னா கண்ணை மூடிட்டுத் தொங்கலாம். இந்தத் திருகு கம்பியைத் தொங்குறதுக்கு முன்னாடி தினமும் ஒருத்தர் முடுக்கிப் பார்க்கணும். உங்க வீட்ல யார் பார்ப்பாங்க?" என்றார்.

"நான்தான்" என்றேன். அதையே வாங்கினேன்.

ஸ்டோர் ரூம் கதவில் மாட்டினேன். அந்த நிலைதான் உறுதி. அதற்குக் கீழே மட்டும் ஒரு படி உண்டு. அவர் ஏன் அங்கே என்று கேட்கவில்லை. முடுக்கியிருக்கிறதா என்றும் ஒரு நாளும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா, குழாயை மூடியாயிற்றா என்று பார்ப்பதெல்லாம் நான்தான். அவர் பாட்டுக்கு வந்து தொங்குவார். பன்னிரண்டு வரை சத்தமாக எண்ணிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பாராட்ட வேண்டும். பாராட்டினேன்.

நாலு மாதம் ஒழுங்காக முடுக்கினேன். பிறகு அலுத்துவிட்டது. ஒரு மாதமாவது அவரும் படுத்துக் கிடக்கட்டும், முதுகு நிஜமாகவே வலிக்கட்டும் என்று நினைத்தேன். கொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. எவ்வளவு தளர்த்தினால் எவ்வளவு தாங்கும் என்று நானே ஒற்றைக் கையால் தொங்கிப் பார்த்தேன். அந்தக் கம்பியில் நான் செய்த ஒரே பயிற்சி அது. சும்மா தொங்குகிறவர் விழுந்தால் காலூன்றி நின்றுவிடுவார். காலை நீட்டி மேலே தூக்கும்போது விழுந்தால் பிடரி படியில் படும். அந்தப் பயிற்சியை அவர் செவ்வாய்க்கிழமைகளில்தான் செய்வார். நான் செவ்வாய்க்கிழமை தளர்த்தினேன்.

மகள் விஷயத்தில் கவனமாகவே இருந்தேன். திங்கள் சாயங்காலம் அவள் தொங்குவதற்கு முன்னால் கை வலிக்க வலிக்க முடுக்கிவிட்டேன். மறுநாள் காலை அவர் பல் தேய்க்கப் போனபோதுதான் எதிர்ப்பக்கம் திருகினேன். ஆகவே அவள் பேரில் ஒன்றுமில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், "என்னாலதாம்மா. ஆடாதேன்னு அப்பா எத்தனை தடவை சொன்னாரு" என்று என் மடியில் விழுந்தாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் சொன்னால் உறவுக்காரர்கள் வருவார்கள், நீங்கள் வருவீர்கள், எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடவில்லை ஐயா. அவள் அழுவதுகூடச் சத்தமில்லாமல்தான். பதினோரு நாள் நன்றாகத் தூங்கினேன். இன்று காலை எழுந்தபோது களைப்பு தீர்ந்திருந்தது. உடனே வந்துவிட்டேன், பெற்ற மனம் கேட்குமா?